நின்னதுக்குப் பிறகு

கதவைச் சாத்திட்டாங்க. உள்ள போறப்ப சுகப்பிரியா திரும்பிப் பாத்துச் சிரிச்சா, நானும் சிரிச்சேன், சிரிச்சுட்டு வந்து நாற்காலியில உக்காந்தேன். கால் மணி நேர வேலைதாம்மா, முழு மயக்கம்கூட இல்ல, அந்த இடம் மட்டும் மரத்துப்போற ஊசிதான்னு சிஸ்டர் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க. கால் மணி நேரத்துல நாங்க நாலு பொம்பளைங்க உக்காந்தா கல்யாண வீட்டுக்கு அரை மூட்டைக் கத்தரிக்காயை நறுக்கித் தண்ணியில போட்டுருவோம், வாயும் ஓடும் கையும் ஓடும். இங்க கைக்கு வேலை இல்ல. வேலை இல்லாத கை சும்மா இருக்குமா, மஞ்சப்பையோட காதைத் திருகித் திருகி நூல் நூலாப் பிரிச்சுருச்சு. பக்கத்து நாற்காலிக்காரி நான் வந்ததுல இருந்து என்னையே பாக்குறா. மகளான்னு கேட்டா. மருமகள்னேன். என்ன செய்யுதுன்னா. கர்ப்பப்பை வாயில தோலு சரியில்லையாம், சுரண்டி எடுக்குறாங்கன்னேன். உடனே அவ மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே, ஐயய்யோ புத்தா, இந்த வயசுலயான்னு நெஞ்சுல கையை வச்சுக்கிட்டா. புத்து இல்ல தாயி, புத்தாகுறதுக்கு முந்தின நிலைமை, விட்டாத்தான் புத்தாகும், அதான் இப்பவே எடுக்குறாங்கன்னு டாக்டரம்மா எனக்குச் சொன்னதை அவளுக்கு நான் படிச்சேன். படிக்கிறப்ப தைரியமாத்தான் இருக்கு. வாயை மூடுனா கை மறுபடியும் மஞ்சப்பையோட காதைத் தேடுது. முப்பது வயசுதான் இவளுக்கு. கல்யாணமாகி நாலு வருசம், புள்ளை நிக்கலைன்னு பாக்கப்போன எடத்துல, எதுக்கும் இருக்கட்டும்னு இந்த டெஸ்ட்டையும் எடுத்திருக்காங்க. புள்ளைக்குன்னு போனவ, கர்ப்பப்பை தங்குமா தங்காதான்னு அழுதுக்கிட்டு வந்தா. என் மகன் முனீஸ் லோடு ஆட்டோ ஓட்டுறான், இன்னைக்கு வண்டியை நிறுத்திட்டு வர்றேன்னுதான் சொன்னான். இவதான் நீங்க வேணாம், அத்தை வரட்டும்னு ஒத்தக் கால்ல நின்னா. எனக்குப் பெருமை தாங்கல, கட்டுன புருசனை விட்டுட்டு மாமியாளைக் கூப்பிடுறாளேன்னு. அந்தப் பெருமையெல்லாம் பஸ்ஸு ஏறுற வரைக்கும்தான். ஏறி உக்காந்ததும் அந்தப் பாழாப்போன நினைப்பு வந்து கூடவே உக்காந்துக்கிச்சு. இவளை இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்க வச்சதே நீதானடி சோலையம்மான்னு.

இதை ஒரு ஈ காக்கா குஞ்சுகிட்டகூடச் சொன்னதில்ல. சொல்ற விசயமா அது. எங்க குலசாமி ராக்காயி ஆத்தா. மாசி சிவராத்திரிக்குப் பங்காளி வகையறா பூராவும் கூடுவோம். வெளியில யாரு வேணும்னாலும் பொங்கல் வைக்கலாம், ஆனா ஆத்தாளுக்கு முன்னால, உள்ள, ஒரு பானை உண்டு. அதைத் தீட்டு நின்னுபோன பொம்பளைதான் வைக்கணும். மாசாமாசம் வர்றது நின்னவ யாருன்னு கேட்டு அவ மடியிலதான் அரிசியைக் கொட்டுவாங்க. எனக்கு அம்பதுல நின்னுச்சு. நின்னா எல்லாளும் சடைச்சுக்குவாளுக, முட்டி வலிக்குது, திகுதிகுன்னு எரியுதுன்னு. நான் குலவை போடாத குறை. அதுவரைக்கும் சபையில என்னை எவன் கண்டான், காய் நறுக்கப் போறவ, அவ்வளவுதான். பானையைத் தூக்கிக்கிட்டு உள்ள போறப்ப பூசாரி ஒதுங்கி வழி விடுறாரு, கொழுந்தன்மாரெல்லாம் தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டுறாங்க. என் ஓரகத்தி வள்ளிமயிலுக்கு அது பொறுக்கல. எனக்கும்தான் நின்னுபோச்சு, அக்காளுக்குத்தான் இடுப்பு வலியாமே, இந்தவாட்டி நான் வைக்கிறேனேன்னு வருசாவருசம் ஆள் விட்டுப் பாக்குறா. இடுப்பு வலிச்சா உனக்கென்னடி, பானையை அடுப்புலதான வைக்கிறேன், இடுப்புலயான்னு கேட்டு விரட்டிட்டேன். இந்தத் தை மாசம், ஒரு மண்டபத்துல வாழைக்காய் சீவிட்டு எந்திரிக்கிறேன், ஈரமா இருக்கு. ஒதுங்கிப் போய்ப் பாத்தா கறை. வாழைக்காய்க் கறைன்னு நினைச்சேன். வாழைக்காய்க் கறை அங்க எப்படிடி போகும்னு நானே கேட்டு நானே சிரிச்சேன், சிரிப்பு பாதியில நின்னுபோச்சு. சூடுன்னு முடிவு கட்டி வெந்தயத்தை ஊறவச்சுக் குடிச்சேன். நின்னுச்சு. அப்பாடான்னு இருந்தா மறுபடியும். சிவராத்திரி வந்து வாசல்ல நிக்குது. சொன்னா பானை வள்ளிமயிலுக்கு. சொன்னா, அம்பத்தெட்டு வயசுல சோலையம்மா சமைஞ்சுட்டாளாம், சீர் செய்ய வாங்கன்னு வகையறாவே சிரிக்கும். ஆத்தாளும் பொம்பளைதான, அவளுக்குத் தெரியாததான்னு, அவ கொடுக்க வேண்டிய உத்தரவை நானே கொடுத்துக்கிட்டு, தலை முழுகிட்டுப் போய்ப் பானையை வச்சேன். பால் பொங்குச்சு. குலவை போட்டாங்க. என் கை நடுங்குனதைப் பக்தின்னு நினைச்சுக்கிட்டாங்க.

மாசி முடிஞ்சு பங்குனி பொறந்ததும் பொறக்காததுமா இவளுக்கு இந்த ரிசல்ட்டு. போட்டா பாரு ஆத்தா போடுன்னு இருந்துச்சு எனக்கு. எங்க அடிச்சா எனக்கு வலிக்கும்னு பாத்து அடிச்சிருக்கா. என்னை ஒண்ணும் செய்யல, என் வீட்டுக்கு விளக்கேத்த வந்தவளோட வயித்துல கையை வச்சுட்டா, பேரனோ பேத்தியோ வரவேண்டிய எடத்துல. தீட்டோட நீ என் பானையைத் தொட்ட, உன் வீட்டுல பானை நிறையுதா பாப்போம்னு. மூணு மாசமா இது ஒண்ணுதான் மண்டைக்குள்ள செக்கு மாதிரி சுத்துது. காய் நறுக்குறப்ப சுத்துது, குழாயடியில சுத்துது. ஒரு நாள் வெங்காயத்தோட விரலையும் சேத்து நறுக்கிட்டேன். சுகா ஓடி வந்து மஞ்சப்பொடி வச்சுக் கட்டிவிட்டா, என்ன அத்தை, உடம்புக்கு ஏதும் பண்ணுதான்னு மூஞ்சியவே பாத்தா. எனக்கென்னடி கேடு, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், நீ உன் உடம்பைப் பாருன்னு விழுந்து கடிச்சேன். பாவம், மீதி வெங்காயத்தை அவளே நறுக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டா. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியல. அவ கேட்டது அதோட மூணாவது தடவை. எப்பப் பாத்தாலும் சிடுசிடுன்னு விழுறேன்னு முனீஸ் என்னையத்தான் ஏசுனான். ஏசட்டும், அவனுக்கென்ன தெரியும். ஆத்தாளுக்கு வேண்டாத நேர்த்திக்கடன் இல்ல. இவளைக் காப்பாத்திக் கொடு, பானையை நானே வள்ளிமயிலு கையில கொடுத்துடுறேன்னுகூட வேண்டியாச்சு. வேண்டிட்டு, சரி, அவ புள்ளை பெத்ததுக்கு அப்புறம் கொடுப்போம்னு ஒரு தவணையும் வாங்கிக்கிட்டேன். நம்ம புத்தி போகுமா.

கால் மணி நேரம்னு சொல்லிட்டுப் போன ஜெபமணி சிஸ்டர் வெளிய வந்தாங்க. நான் துள்ளி எந்திரிச்சுட்டேன். உக்காருங்கம்மா, நல்லபடியாப் போய்க்கிட்டு இருக்கு, உங்க மருமக உள்ள டாக்டர்கிட்ட பஸ்ஸு கூட்டத்தைப் பத்திக் கதை பேசிக்கிட்டு இருக்கான்னு சிரிக்கிறாங்க. பக்கத்து நாற்காலிக்காரி விடுவாளா, இம்புட்டு இளவயசுலயே வருமா சிஸ்டர், இதெல்லாம் வயசானவுகளுக்கு வர்றதுன்னுல்ல சொல்வாகன்னு புடிச்சுக்கிட்டா. சிஸ்டர் கையில இருந்த தட்டைக் கீழ வச்சுட்டு நின்னு பேசுறாங்க. இது ஒரு கிருமியால வர்றதாம். கல்யாணமான பொம்பளைங்கள்ல முக்காவாசிப் பேருக்கு எப்பவாவது ஒட்டுமாம், சளி புடிக்கிற மாதிரிதானாம். வரும், சின்ன வயசு உடம்பு அதை அடிச்சு விரட்டிரும், வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. எங்கயோ சில பேருக்குத்தான் போகாமத் தங்கிக்கிருமாம். தங்குனாலும் எடுத்ததும் புத்தாகாதாம், உள்ளுக்குள்ள மெள்ள மெள்ளத் தோலை மாத்தும், அஞ்சு வருசம் ஆகலாம், பத்து ஆகலாம், பதினஞ்சுகூட ஆகலாமாம். இந்தப் பொண்ணுக்கு மாறுன தோலோட கண்டுபுடிச்சாச்சு, அதை மட்டும் வழிச்சு எடுத்தாப் போதும்னாங்க. அஞ்சு வருசம், பத்து வருசம். என் காதுக்குள்ள குலவைச் சத்தம் கேக்குது. பத்து வருசத்துக்கு முந்தி ஏது பானை, ஏது வாழைக்காய்க் கறை, இவ யாரு எவரு, எங்க வீட்டு வாசலைக்கூட மிதிச்சதில்ல. வாய் தன்னால கேட்டுருச்சு.

"சிஸ்டர், மாசியில நடந்த ஒண்ணுனால பங்குனியில இது வந்திருக்குமா?"

"மாசியில என்னம்மா நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"வராதும்மா. பங்குனியில நமக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அது அங்க வந்து வருசக் கணக்காச்சு."

ஆத்தா செய்யல. எங்க ஆத்தா செய்யல. அவ எங்கயோ கருவேலங்காட்டுல செவனேன்னு உக்காந்திருந்தா, நான்தான் அவளைக் கொலைகாரியாக்கி மூணு மாசமா மண்டைக்குள்ள கட்டி வச்சிருந்திருக்கேன். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது, சிரிப்பும் வருது, எந்திரிச்சு அந்தச் சிஸ்டர் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சா என்னன்னு இருக்கு, பக்கத்து நாற்காலிக்காரிக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கலாமான்னு இருக்கு. அந்த நேரம் பாத்து அந்த மூதேவி அடுத்த கேள்வியைக் கேக்குறா. அப்ப எங்களை மாதிரி எல்லாம் ஓஞ்சவளுகளுக்குப் பயமில்லன்னு சொல்லுங்கன்னு. அதுதாம்மா தப்புன்னாங்க சிஸ்டர். இளவயசுக்காரி எதுக்காச்சும் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சுருவா, பிரசவம்னு வருவா, புள்ளை இல்லன்னு வருவா, அப்பவே பாத்துருவோம். நின்னவ எதுக்கு வருவா, கடையைச் சாத்தியாச்சு இனி என்னன்னு இருந்துருவா. வயசாக ஆக அந்த இடமும் உள்ளுக்குள்ள ஏறிக்கிருமாம், மேலோட்டமாப் பாத்தா சட்டுனு தெரியாதாம். விரட்டுற வலுவும் உடம்புக்குக் குறைஞ்சு போயிருமாம். அதனால சின்னவளுகளுக்குத் தோலோட போறது, பெரியவளுகளுக்கு முத்துனதுக்கு அப்புறம்தான் வெளிய தெரியுதுன்னாங்க. நின்னதுக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கே கிளம்பி வரணும். பட்டதெல்லாம் புத்தும் இல்ல, தோலு வறண்டாலும் படும், சின்னச் சதை வளந்தாலும் படும். ஆனா எதுன்னு நாங்க பாத்துச் சொல்லணும், நீங்களா சூடுன்னு சொல்லி வெந்தயம் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாதுன்னாங்க. வெந்தயம்னாங்க. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லல, பொதுவாத்தான் சொன்னாங்க, எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் வேர்த்துப்போச்சு. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

அப்ப நானு. கணக்கு எனக்கும் அதே கணக்குத்தான. அவளுக்கே வருசக் கணக்குன்னா எனக்கு எத்தனை வருசமோ, என் வீட்டுக்காரர் செத்தே ஒன்பது வருசமாச்சு, அவரு உசுரோட இருந்தப்ப வந்த விருந்தாளியோ என்னமோ, அவரு போயிட்டாரு அது போகல. சீ, என்ன பேச்சு இது. இருக்காது. தோலு வறண்டாலும் படும்னு சொன்னாங்கள்ல, அதான் எனக்கு. எனக்கு எல்லாமே வறட்சிதான். அப்ப இந்த இடுப்பு வலி. அரிவாள்மணைக்கு முன்னால முப்பது வருசம் குந்த வச்சு உக்காந்தா எவளுக்குத்தான் வலிக்காது. அப்ப அந்த வாடை, துணியில, சோப்பு போட்டு அலசி அலசியும். அதை எந்த வறட்சியில சேக்குறது. சரி, பாப்போம், ஆனியில ரெண்டு முகூர்த்தம் இருக்கு, காய்க்கு ஒத்துக்கிட்டாச்சு, அது முடியட்டும். அப்புறம் ஆடி. ஆடியில யாரு ஆஸ்பத்திரி போவா. இவ உண்டாகட்டும், பெக்கட்டும், புள்ளையக் கையில வாங்கிட்டு அப்புறம் காட்டிக்கலாம். அடியே, அந்தப் புள்ளை பொறக்குறப்ப வாங்குறதுக்கு உனக்குக் கை இருக்கணும்ல. இந்த நினைப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல, பளிச்சுனு வந்து நின்னுச்சு. எனக்கு உசுரு மேல இம்புட்டு ஆசை இருக்குறது எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது. போறதுன்னா போயிருவோம், அவருதான் போயிட்டாரே, நமக்கென்னன்னு வாய்க்கு வாய் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவ நான். அதெல்லாம் சும்மா. எனக்கு இருக்கணும். ஒரு குட்டியாவது என் முந்தானையைப் புடிச்சு இழுக்கணும், வள்ளிமயிலோட இன்னும் இருபது வருசம் சண்டை போடணும். இருக்கணும்னா சொல்லணும். சொன்னா சிவராத்திரியும் வெளிய வரும். எப்ப இருந்துன்னு டாக்டரம்மா கேப்பாங்களே, கேட்டா நான் சொல்ல, இவ காதுல விழ, மாசியில தீட்டோடயா உள்ள போனீங்கன்னு இவ என்னைப் பாத்தா, அந்தப் பார்வைக்கு நான் எந்தக் கதவுக்குப் பின்னால போய் நிக்கிறது. வகையறாவுக்குத் தெரிஞ்சா பரிகாரம் செய்யச் சொல்வாங்க, சரி, செய்வோம். இவளுக்குத் தெரியுறதுதான் எனக்குத் தாங்காது. அதுக்குள்ள கதவு திறந்து, சுகப்பிரியாவோட வந்தவங்க உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்க.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு, கண்ணாடி போட்டிருக்காங்க, கையைக் கழுவிக்கிட்டே பேசுறாங்க. சுத்தமா வந்துருச்சும்மா, எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்புறோம், கர்ப்பப்பைக்கு ஒண்ணும் இல்ல, ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருந்தா குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்னாங்க. எனக்குக் கேட்டது கர்ப்பப்பைக்கு ஒண்ணும் இல்ல, அது ஒண்ணுதான், அதுக்கு மேல வந்ததெல்லாம் மேளச் சத்தம். கும்பிட்டேன். அவங்க கையில இருந்த ஈரம் என் கையிலயும் பட்டுச்சு, அதைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன், ஐயோ என்னம்மா இதுன்னு அவங்க கூசிப்போனாங்க. பச்சைத் துணித் திரைக்குப் பின்னால சுகா படுத்திருக்காளாம், அரை மணி நேரம் இருக்கட்டும், நீங்க போய்க் கூட உக்காருங்கன்னாங்க. திரைக்கு அடியில அவ செருப்பு தெரியுது. போகணும்னு நினைக்கிறேன், கால் போகல. சந்தோசத்துல மனுசனுக்கு ஒரு கிறுக்குத் தைரியம் வருமே, அது வந்துருச்சு. இப்ப சொல்லலைன்னா பஸ்ஸு ஏறிருவேன், ஏறுனா இறங்கமாட்டேன். டாக்டரம்மா, எனக்கும் ஒண்ணு பாக்கணும்னேன். குரல் எனக்கே கேக்கல, மறுபடியும் சொன்னேன். எனக்கு நின்னு எட்டு வருசமாச்சு, இப்ப மறுபடியும் படுதுன்னேன். அவங்க கையைத் துடைக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. பயப்படுற பார்வை இல்ல, ஆனா சிரிப்பும் இல்ல.

"எப்ப இருந்தும்மா?"

இங்கதான் பாருங்க, இம்புட்டுத் தூரம் வந்துட்டு, திரைக்கு அடியில அந்தச் செருப்பைப் பாத்ததும் என் நாக்கு பழைய புத்தியைக் காட்டிருச்சு. சிவராத்திரி அங்குட்டு இருக்கட்டும், நாம இங்குட்டு நின்னுக்குவோம்னு.

"இப்பத்தான் டாக்டரம்மா. ஒரு வாரமா."

"இல்ல டாக்டர்." திரைக்குப் பின்னால இருந்து சுகா. மரத்துப்போற ஊசி போட்டுப் படுத்திருக்கிறவ குரல் மாதிரியே இல்ல. "தை மாசத்துல இருந்து. சிவராத்திரிக்கு முன்னாலயே வந்துருச்சு. இடுப்பு வலியும் இருக்கு, சொல்லமாட்டாங்க."

ஏன்டி. எப்பப் பாத்த, எதுல பாத்த, எத்தனை நாளா. எனக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு, மாமியா துணியை மருமக வேவு பாக்குறதான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்புறம்தான் மெள்ள மெள்ள உறைக்குது. சிவராத்திரிக்கு முன்னாலயே. அப்ப அன்னைக்கு நான் பானையைத் தூக்கிக்கிட்டு உள்ள போறப்ப, எனக்குப் பக்கத்துல தேங்காய்த் தட்டோட நின்னாளே, தெரிஞ்சுதான் நின்னிருக்கா. எல்லாரும் குலவை போட்டப்ப அவளும் போட்டா. ஒருத்தர்கிட்ட மூச்சு விடல, புருசன்கிட்டகூட. தனக்கு ரிசல்ட்டு வந்து குமுறிக் குமுறி அழுதாளே, அன்னைக்கும் என்னைப் பாத்து ஒரு வார்த்தை, உங்களாலதான்னு ஒரு வார்த்தை கேக்கல. நான் செத்துச் செத்துப் பயந்தது எதுக்கோ, அதை அவ எனக்கு முன்னாலயே எடுத்து விழுங்கிட்டு உக்காந்திருந்திருக்கா. எனக்கு இது பயமா சந்தோசமான்னு புரியல, எதுவா இருந்தா என்ன. டாக்டரம்மா என்னைப் பாக்குறாங்க, திரையைப் பாக்குறாங்க. ஒரு வாரமா, தை மாசத்துல இருந்தா, சரியாச் சொன்னாத்தான் நான் சரியாப் பாக்க முடியும், ரெண்டுல எதும்மா சரின்னு கேட்டாங்க. நாலு வருசத்துல நான் இந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல, உப்பு போடுறதுல இருந்து சாமி கும்பிடுறது வரைக்கும் ஒரு நாளும் சொன்னதில்ல.

"அவ சொல்றதுதான் சரி, டாக்டரம்மா."